கறிக்கு ஒரு பிடி மீன்

பிளாஸ்டிக் சொப்பின் பையில் இரண்டு சட்டைகளோடு துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பாதையின் இரு பக்கமும் கல் அடுக்கிய வேலிகள். மாடுகள் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்த்தன. பிற்காலத்தில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வீடுகளை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். இதுதான் முதல் தடவை. எனக்குப் பன்னிரண்டு வயது. வேலை கிடைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

நான் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் இலங்கை நெடுந்தீவுக்காரர்கள்தான் என்றாலும் எனக்கு அது வெளிநாடு. சண்டை நின்றிருந்த காலத்தில், அப்பா என்னை முதலில் ஒரு படகில் ஏற்றி, நெடுந்தீவில் இருந்த தன் பழைய கூட்டாளியின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். தங்கையின் காய்ச்சல் மாறியதும் அவர்கள் வருவதாக ஏற்பாடு. அதுவரை அந்த வீட்டார் என்னை வைத்திருக்க வேண்டும். கூட்டாளியை மாமா என்றும் அவர் மனைவியை மாமி என்றும் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். அதுவே தொல்லையாக இருந்தது. மீனில் பெரிய துண்டு என் சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்தது. வாளியைத் தொட்டால் மாமி பறித்துக்கொண்டார். முகாமில் சும்மா இருந்து சாப்பிடுகிறவனை யாரும் நெடுநாள் பொறுப்பதில்லை. பத்து வயதிலேயே நான் தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவியவன். அப்பா வருமுன் இவர்கள் அலுத்துப்போனால் நான் எங்கே போவது?

ஆகவே அன்று காலை கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே கயிற்றைப் பிடித்தேன். முடிவில் வலைக்காரர் கறிக்கென்று ஒரு பிடி மீன் தந்தார். ஊர் பார்க்கட்டும் என்று கையிலேயே ஏந்திக்கொண்டு வந்தேன்.

அடுப்பெரிந்த குசினி வாசலில் மாமி மறித்தார்.

“ஆரடா தந்தது?”

“வலை இழுத்தேன், குடுத்தாங்க.”

மாமியின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், சிரித்தாள். “இந்தியாக்காரர் வந்த உடனை உழைக்கத் தொடங்கீட்டார்.”

“சிரிக்காதை,” என்று மாமி அவளை அதட்டினார். “கொப்பர் கடலாலை வந்தால் என்னெண்டு சொல்லுறது? வள்ளம் நிக்கிற வீட்டுப் பிள்ளை கறிமீனுக்குக் கயிறு பிடிச்சதெண்டு சனம் கதைக்கும். சோறு போடேல்லையெண்டு நினைக்கும்.”

கறிமீனுக்குக் கயிறு பிடிப்பது வள்ளம் இல்லாத வீட்டார் என்பது எனக்குத் தெரியாது. மாமி என் மீனோடு பெரிய பாரை மீன் ஒன்றையும் சேர்த்து, வலைக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வரும்படி அக்காவை அனுப்பினார். உழைத்துக் கொண்டுவந்ததையே திருப்பி அனுப்புகிறவர்கள் அடுத்ததாக என்னைத்தான் அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டேன். முந்திக்கொண்டு நானே கிளம்பினேன்.

பாதி வழியில் மாமா சைக்கிளில் வந்து குறுக்கே நிறுத்தினார்.

“எங்கை போறீர்?”

அவர் என்னை ‘நீர்’ என்றது அதுவே முதல் தடவை. நானும் நிமிர்ந்து நின்றேன்.

“வேலை தேடி.”

“என்ன வேலை தெரியும்?”

“எல்லாம் தெரியும்.”

மாமா கடல் பக்கம் கையைக் காட்டினார். “என்ரை வள்ளத்திலை தண்ணி இறைக்க ஆளில்லாமல் கஷ்டப்படுறன். ஆனால் சம்பளம் தர ஏலாது. மீனிலை ஒரு பங்கு தருவன்.”

“மூணு வேளை சாப்பாடும் வேணும்.”

“அது மாமியோடை கதைச்சுத்தான் சொல்லலாம்,” என்றார் சிரிக்காமல். நான் பையைச் சைக்கிள் கைபிடியில் கொழுவினேன்.

மறுநாள் விடிந்ததும் வேலையில் சேர்ந்தேன். அந்த வருடம்தான் வாங்கிய பைபர் வள்ளம். பூசிய நீலம்கூட மங்கவில்லை. வெட்டிய பிளாஸ்டிக் கலனோடு வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்தேன். கடல் அசையாமல் கிடந்தது. ஆனாலும் மாமா இருந்த பக்கத்தால் மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அவர் காலடியிலும் நீர் சொட்டும் கலன் ஒன்று கிடந்தது. ஓட்டை அந்தப் பக்கம்தான், நான் இல்லாவிட்டால் இந்த மனிதர் என்றோ மூழ்கியிருப்பார் என்று நினைத்தபடி, நிமிராமல் இறைத்துக்கொண்டிருந்தேன்.