இல்லாத முழங்கால் வலி

எங்கள் சபையில் யாரும் புறணி பேச மாட்டார்கள். ஜெபக் குறிப்பு கொடுப்பார்கள். கண்ணை மூடி, குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவிட்டு, "ஆண்டவரே, அந்தக் குடும்பத்தின் நிலைமையை நீர் அறிவீர்" என்று தொடங்கி, ஆண்டவருக்குத் தெரிந்ததையெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியப்படுத்திவிடுவார்கள். திருவனந்தபுரத்தில் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். செய்தி பரவ ஒரு ஜெபமே போதும்.

நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு என் மகளின் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். அதை நான் ஒருவரிடம் மட்டுமே சொன்னேன். என்னைப் போலவே நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊர்க் கரமனைக்கு வந்தவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்.

"ஆர்ட்டயும் சொல்லாண்டாம் அக்கா" என்று அழுதேன்.

"நான் ஆர்ட்ட பிள்ளே சொல்லப்போறேன்?" என்றார்.

அந்த வாரமே பெண்கள் ஜெபக் கூட்டத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டார், சத்தமாக.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் யாரோ ஒரு அம்மா என் மகளின் கன்னத்தைத் தடவி, "சாரமில்ல மக்ளே, வேற நல்ல பையன் வருவான்" என்றார். அன்றோடு அவள் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பதிலடி கொடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

என் கையிலும் ஒரு ரகசியம் இருந்தது. அக்காவின் மகன் வேலைக்காகப் பெங்களூரு போயிருப்பதாகச் சபை நம்பியது. உண்மையில் அவன் குடியை நிறுத்த ஒரு சிகிச்சை மையத்தில் இருந்தான். அதை அக்கா என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அடுத்த கூட்டம் என் வீட்டில். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரிதான் ஜெபிப்பாள். வாழைப்பழம் நறுக்கிப் பழம்பொரிக்கு மாவு கரைக்கும்போதே வாக்கியங்களைத் தயார் செய்தேன். இவ்வளவு சிரத்தையாக நான் எந்த ஜெபத்துக்கும் தயாரானதில்லை.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே, எங்கள் அக்காவை உமது கரத்தில் தருகிறோம். அவர்கள் வீட்டில்..." என்று ஆரம்பித்துவிட்டு, அடி சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு கண்ணைத் திறந்தேன். அக்கா இரண்டு கண்ணையும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமில்லை. ஆலய வாசலில் என் மகளின் முகமும் இப்படித்தான் இருந்தது.

இந்த ஜெபம் முடிந்ததும் பரமண்டல ஜெபத்தையும் நான்தான் தொடங்கிவைக்க வேண்டும். "எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று அதில் வருகிற வரியை எந்த வாயால் சொல்வது? அடிக்கு அடி கொடுக்கிறவராக இருந்திருந்தால் ஆண்டவர் சிலுவையிலிருந்து இறங்கியல்லவா வந்திருப்பார் என்று தோன்றியது. ஆனால் பாதி வாக்கியம் அந்தரத்தில் நின்றது.

"...மாடிப்படிகூட ஏற முடியாதபடி முழங்கால் வலியால் அவதிப்படுகிறார்கள்" என்று முடித்தேன்.

அக்காவின் முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவர் வீட்டுக்குத் தைலங்கள் வந்து குவிந்தன. வேறு வழியில்லாமல் நொண்டத் தொடங்கினார். சில வாரம் இடது கால், சில வாரம் வலது கால். மன்னித்தவளுக்கு ஆண்டவர் கொடுத்த சில்லறைச் சந்தோஷம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். கோபம் அப்படியொன்றும் ஒரே நாளில் போய்விடவில்லை. ஆலயத்தில் மகளின் இடம் காலியாகத் தெரியும்போதெல்லாம், மறுபடி முதலிலிருந்து மன்னிக்க வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் மாடிப்படிகளை விறுவிறுவென்று ஏறி வந்தார். என்னைத் தாண்டி நேரே மகளின் அறை வாசலில் போய் நின்றார்.

"மக்ளே, உனக்க காரியத்த வெளிய விட்டது நான்தான். என்னட்ட க்ஷமிக்கணும்" என்றார். பிறகு தன் மகன் எங்கே இருக்கிறான் என்பதையும் சொன்னார். "உனக்க அம்மைக்கு இது முந்தியே தெரியும். ஆனா ஜெபத்துல அவ எனக்கு முட்டுவேதனைன்னுதான் சொன்னா. அவனுக்காக நீயும் ஜெபிக்கணும், கேட்டியா?"

மகள் கதவை முழுதாகத் திறந்தாள்.

"சத்தமாவா ஆன்ட்டி, மனசுக்குள்ளயா?"

அக்கா சிரிக்கப்போய் அழுதுவிட்டார்.

அடுத்த ஞாயிறு மகள் என்னோடு ஆலயத்துக்கு வந்தாள். சபைக்காக இன்னும் நொண்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு, அவள்தான் கை கொடுத்துப் படியேற்றினாள்.