மரத்துப்போன மூன்று விரல்கள்

போடியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்களிடம் ஒரு வீம்பு உண்டு. கண்ணால் பார்த்துப் பொறுக்குகிறவள் இன்னும் பழகாதவள். பழகியவளுக்கு விரல் போதும். உள்ளே ஏலரிசி நிறைந்த காயா, வெறும் பொக்கா என்பது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருளும்போதே தெரிந்துவிடும். கை அதன்பாட்டுக்குச் சுளகில் வேலை செய்யும். நான் குடோன் சன்னல் வழியே குரங்கணி மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ போயிருப்பேன். இருபது வருடமாகப் பாதி நாளைக் கனவிலேயே கழித்தவள் நான்.

போன மழைக்காலத்தில் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. பெருவிரலும் அதற்கடுத்த இரண்டும். விடிகாலையில் போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளின் ஆரன் கேட்டு விழிப்பேன். வலது கை மட்டும் எழுந்திருக்காது. இடது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்து உதறுவேன். எறும்பு ஊர்வதுபோல உணர்வு மெல்லத் திரும்பி வரும். உண்மையைச் சொன்னால், அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பிடித்துக்கூட இருந்தன. பனிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி, எதுவும் என்னைத் தொடாத மாதிரி.

மலைக் குளிர்தான் என்று தைலம் தேய்த்தேன். கடைசியில் டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்து, உள்ளே நரம்பு அமுங்குகிறது என்றார். தூங்கும்போது கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். கைக்கு ஓய்வு வேண்டும், அதிலும் கேட்காவிட்டால் சின்ன ஆபரேஷன் என்றார். பட்டையைக் கட்டினேன். ஓய்வை மட்டும் எடுக்கவில்லை. கை போனவள் என்று தெரிந்தால் குடோனில் என் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று பயம்.

அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. பழையபடி சன்னலைப் பார்த்துக்கொண்டே பொறுக்கினேன். என் குவியலைப் பற்றி முதலாளி ஒரு குறையும் சொல்லவில்லை. விரல் மரத்தாலும் கைப்பழக்கம் போகுமா என்று எனக்குள் ஒரே பெருமை. பக்கத்தில் உட்காரும் அக்காவைத்தான், வேலை மெதுவாக நடக்கிறதென்று தினமும் கடிந்துகொண்டிருந்தார். நான் சும்மா இருந்தேனா? "என்னக்கா, உக்காந்துக்கிட்டே தூங்குறியாக்கும்" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரித்துக்கொண்டாள்.

ஒருநாள் டீ குடிக்கப் போன இடத்தில் டம்ளர் விரலிலிருந்து நழுவிச் சேலையெல்லாம் டீ. பாதியிலேயே குடோனுக்குத் திரும்பினேன். அக்கா என் குவியலைத் தன் பக்கம் இழுத்து வைத்து, அதிலிருந்த பொக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளாக்கா?"

"பொங்கலுக்கு முந்தியிருந்தே. வெரசா உக்காரு, மொதலாளி வந்துருவாரு."

"அதனாலதான் ஒன் சோலி பிந்துச்சா?"

"பேசாம இரு ஆத்தா."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. முதலாளி வந்ததும் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் சொன்னேன். "அக்கா மெதுவாப் பாக்கலண்ணே. எங் கை மரத்துப்போச்சு. ஆபரேஷன்கூடப் பண்ண வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிருக்காரு. எம் பொக்கையும் சேத்து அக்காதான் பொறுக்குச்சு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொத ஆபரேஷன முடி. எடம் இருக்கானு அப்பறம் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். அழுகை வந்தது. யாரும் பார்க்கக்கூடாதென்று குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. என் மூன்று விரல்களையும் அக்கா இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாளோ, எனக்குத் தெரியவில்லை.