ஒதுக்கி வைத்த பன்னிரண்டு புள்ளிகள்

வகுப்பில் இருந்தேன். கலையரசியின் அம்மா அழைத்தார். "பாப்பா பூட்டா மா. டயாலிசிஸ் முடிஞ்சி வூட்டுக்கு வந்து தண்ணி கேட்டா. அவ்ளோதான்." கரும்பலகையில் பாதிச் சமன்பாடு. முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டிருந்தால் அவள் திட்டியிருப்பாள்.

அவளுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும்: ஆய்வுக் காலத்தின் ஐந்து ஆண்டுகளும் எங்களுக்கு ஒரே மேசை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்தில் வருவாள். அணுக்கருவுக்குள் புரோட்டானையும் நியூட்ரானையும் பிணைத்து வைக்கும் வலுவான விசையை எந்தக் கணிதச் சார்பால் எழுதலாம் என்பது அவள் ஆய்வு. அந்த விசையை நேரே அளக்க முடியாது. இரண்டையும் மோதவிட்டு, அவை சிதறும் விதத்தை அளக்கிறார்கள். அந்த அளவீடுகளிலிருந்து சார்பை ஊகிக்க வேண்டும்.

புதுப்பட்டினம் சந்தையில் மீன் விற்றுக்கொண்டே அவள் அம்மா ஒருமுறை கேட்டார்.

"மூணு வருசமா இன்னாதாண்டி படிக்கிற?"

"ரெண்டு துகள்மா. தூரத்துல இருந்தா ஒண்ண ஒண்ணு கண்டுக்காது. கிட்ட வந்தா கெட்டியா புடிச்சிக்கும். ரொம்ப நெருங்கினா தள்ளி வுட்டுரும்."

"உங்க நைனா மாதிரின்னு சொல்லு."

கொடுவாவின் செதிலைச் சுரண்டுவதை அவர் நிறுத்தவில்லை. கலையரசி சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்காம் ஆண்டில் சார்பு கிடைத்தது. ஒன்பது மாறிலிகள். வளைவு அவள் கையிலிருந்த எல்லா அளவீட்டுப் புள்ளிகள் வழியாகவும் போனது. அதற்குள் அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆய்வேட்டை உடனே சமர்ப்பிக்கச் சொன்னார் நெறியாளர் மேடம். அக்கறையோடுதான் சொன்னார். காலம் குறைவு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் வேலை தொடங்கிய அன்றே, அளவீடுகளில் பன்னிரண்டைக் குலுக்கல் முறையில் எடுத்து ஒளித்து வைக்க என்னிடம் சொல்லியிருந்தாள். "நான் கெஞ்சினாலும் காட்டாதடி. சார்பு தானா அங்க போவணும்." இப்போது காட்டினேன். அவள் வளைவு தெரிந்த புள்ளிகளுக்கு இடையே கண்டபடி துள்ளியிருந்தது. பன்னிரண்டில் இரண்டைத்தான் தொட்டது.

மேடம், "இத யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றார்.

"நான் கேக்குறேனே மேடம். இது விசையோட படம் இல்ல. என் பிடிவாதத்தோட படம்."

இன்னும் ஒரு வருடம். வேறொரு சோதனையின் அளவீடுகளிலிருந்து புதிதாகப் பன்னிரண்டை ஒதுக்கினேன். அவள் எளிமைக்குப் போனாள். தூரம் கூடக்கூட விரைந்து தேயும் இரண்டு உறுப்புகள். ஒன்று இழுக்கும், மற்றது மிக அருகில் மட்டும் தள்ளும். நான்கே மாறிலிகள். இழுப்பின் வலிமை, அதன் எல்லை. தள்ளலின் வலிமை, அதன் எல்லை. ஒவ்வொன்றுக்கும் அவளால் பொருள் சொல்ல முடிந்தது.

டயாலிசிஸ் கட்டில். ஒரு கையில் குழாய்கள், மறு கையில் மடிக்கணினி. பன்னிரண்டையும் கொடுத்தேன். பதினொன்று பிழை வரம்புக்குள் விழுந்தன. பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, பாஸா?"

"பாஸ் தாத்தா. ஒண்ணுல மட்டும் அரியர்."

தோற்றுப்போன முதல் வளைவையும் ஆய்வேட்டில் முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தாள். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அது எதற்கு என்றார். "நாலு வருசம் சார் அது. மறைச்சா, இன்னொருத்தருக்கும் நாலு வருசம் போயிடும்." அவர் எழுந்து வந்து கை கொடுத்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். முனைவர் கலையரசியாக அவள் வாழ்ந்தது சில வாரங்கள். அந்த வாரங்களில் அவள் தலை நிமிர்ந்து நடந்ததையும் பார்த்தீர்கள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி: தோற்பதற்கு இடம் கொடுத்தாயா?

சென்ற வாரம், இதழ் ஏற்றுக்கொண்டிருந்த என் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அதில் சோதித்துப் பார்க்க நான் ஒரு புள்ளியைக்கூட ஒதுக்கி வைத்திருக்கவில்லை. மேடம் காரணம் கேட்டார். கலையரசி என்றேன்.