அலைக்குள் இறங்க ஒரு பெட்டி

சென்னைக்கு நர்ஸ் வேலைக்குப் போன என் தங்கை, அங்கே அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டாள். குன்னூர்ப் பக்கம், அரவேணுவில் தேயிலைக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு நீச்சல்கூட வராது. கரையிலிருந்து யாரோ எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். அதில் கடுகளவு தெரிந்தாள்.

"ஊருக்கெல்லாம் கல்யாண போட்டோ எடுக்கற. எனக்கு ஒண்ணு எடுக்க மாட்டியாக்கா? தண்ணிக்குள்ள நின்னு, கிட்டத்துல எடுக்கோணும்."

கேமராவை வைத்துப் பூட்டித் தண்ணீரில் இறங்க ஹவுசிங் என்ற நீர்புகா உறை வேண்டும் என்றாள். லீவு நாளில் கேமராவோடு கோயம்புத்தூர் போனேன்.

"ஏனுங்க, குன்னூர்ப் பக்கம் ஏதுங்க அலை?" என்று ஊரைக் கேட்டுச் சிரித்தபடி கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கண்ணாடி போன்ற மெல்லிய பை. எந்தக் கேமராவுக்கும் சேரும், விலையும் குறைவு. மற்றது கைப்பிடி வைத்த கெட்டிப் பெட்டி. பையில் கேமராவைப் போட்டுப் பார்த்தேன். லென்சுக்கு முன்னால் சுருக்கம் விழுந்தது, பட்டன் விரலுக்கு அகப்படவில்லை. பெட்டியில் எல்லாம் சரியாக அமர்ந்தது.

"ஆனா இந்த மாடலுக்கு மட்டுந்தானுங்க. கேமராவ மாத்துனீங்கன்னா பெட்டி வேஸ்ட்டு."

அந்த வருடம் கேமராவை மாற்றுவதாகத்தான் இருந்தேன். நான் முதன்முதலில் வாங்கிய கேமரா அது. மாற்றுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, பெட்டியையே வாங்கினேன்.

கேமராவை நம்பி உள்ளே வைக்கும் முன் சோதிக்க வேண்டுமே. டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்துப் பூட்டி, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் அமுக்கினேன். வெறும் பெட்டி அமுங்காமல் மிதந்தது. மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, அரை மணி நேரம் காத்திருந்தேன். வீடியோ காலில் தங்கை, "நனைஞ்சுதா, நனைஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேப்பர் காய்ந்தே இருந்தது. இருவரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நான்கு நாள் தங்கையோடு தங்கச் சென்னைக்குப் போனேன். கடலில் முதல் நாள், மிதவைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். ஒவ்வோர் அலைக்கும் கால் நழுவியது. இருந்தும் நிறைய எடுத்தேன். அறைக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் வெள்ளை. தண்ணீர் புகவில்லை, கடற்கரையின் புழுக்கத்தில் வைத்துப் பூட்டியதால் பெட்டிக்குள் ஆவி படிந்துவிட்டது.

"நம்மூரு மிஸ்ட்டயும் கூடவே கூட்டிட்டு வந்துட்டியாக்கா?" என்று அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே எழுந்து என் தலையைத் துவட்டிவிட்டாள். "நாளைக்கும் கடலு இங்கதான இருக்கும்?"

மறுநாள் ஏசி அறையிலேயே, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு போனேன். அன்று ஒரு படம் கிடைத்தது. அவள் அலையிலிருந்து விழும் நொடி. வாய் திறந்திருக்கிறது, ஒரு கால் மேலே. நின்று சறுக்கும் அழகான படங்களும் இருந்தன. அவள் விழும் படத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது வெளிநாட்டில், கடல் இல்லாத ஊரில் இருக்கிறாள். அந்த நான்கு நாளைப் போல, ஒரே அறையில் நனைந்த துணியும் சிரிப்புமாக நாங்கள் பிறகு இருந்ததே இல்லை. ஊருக்கு வரும்போது கடலுக்குக் கூப்பிடுகிறேன் என்கிறாள். நானும் சரி என்கிறேன்.