நாலு நிமிஷம் நின்ன முள்

இது நிஜமா நடந்தது. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நடுராத்திரியும் கிடையாது, சுடுகாடும் கிடையாது. பட்டப்பகல், மத்தியானம் மூணு பத்து. இடம், என்னோட மீட்டர் ரிப்பேர் கடை.

அண்ணி தவறினதுலேருந்து ரெண்டு வருஷமா அண்ணன் முகத்துல சிரிப்பே இல்ல. அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்து, இந்தத் தொழிலைக் கத்துக்க வெச்சவன் அவன்தான். திடீர்னு ஒரு புதன்கிழமை, அம்பது வருஷப் பழைய கார் ஒண்ணை ஓட்டிட்டு வந்து கடை வாசல்ல நிறுத்தினான். வாயெல்லாம் பல்லு.

"வாலு, ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் குதிக்குது. நாப்பதுல போனா அறுபதுன்னு காட்டுது. ஞாயித்துக்கிழமை பழைய கார்க்காரங்க எல்லாரும் கூடுறாங்க. அதுக்குள்ள சரி பண்ணிடு."

இதெல்லாம் எனக்கு ஜுஜுபி. கியர் பாக்ஸ்லேருந்து மீட்டருக்கு ஒரு கேபிள் வரும். அது காஞ்சு போனா முள் குதிக்கும். மீட்டரைக் கழட்டி மேஜையில வெச்சேன். கேபிளைத் துடைச்சு, கிரீஸ் தடவி, ஆணியில மாட்டினேன். டிரில்லைச் சொருகி மீட்டரைச் சுத்திப் பார்த்தேன். முள் சமத்தா நின்னுது.

வியாழக்கிழமை, மூணு பத்து. டிரில் பெட்டிக்குள்ள இருக்கு. கேபிள் ஆணியில தொங்குது. மீட்டர் தனியா மேஜை மேல...

முள் எழுந்துச்சு.

இருபது. நாப்பது. அம்பது. கிலோமீட்டர் கணக்கும் ஓடுது. மூணு இருபத்திரெண்டுக்குப் பூஜ்யத்துக்கு இறங்குச்சு. அப்பாடான்னேன். நாலு நிமிஷம் சும்மா இருந்துச்சு. மூணு இருபத்தாறுக்கு மறுபடி எழுந்துச்சு. அறுபது, எண்பது, தொண்ணூறு... மூணு முப்பத்தொண்ணுக்கு 'டக்'குனு ஒரே அடியா பூஜ்யத்துல விழுந்துச்சு. மொத்தம் பதினாறு கிலோமீட்டர் கூடியிருந்தது.

உள்ள இருக்கிற காந்தத்துல ஏதோ கோளாறுன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன். வெள்ளிக்கிழமையும் அதே மூணு பத்து. அதே நாலு நிமிஷம். அதே 'டக்'. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அந்த வண்டியில யாரோ செத்திருக்காங்க. விசாரி."

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "பழைய ஓனரைக் கேட்டுட்டேன். ஒரு கீறல்கூட விழுந்ததில்லையாம். நீ போய்த் தூங்கு."

அப்ப அந்த 'டக்' யாரோடது?

சனிக்கிழமையும் அதே கதை. அண்ணன் மீட்டரைக் கேட்டு வந்தான். தரமாட்டேன்னுட்டேன். அது இல்லாம வண்டியை எடுக்கமாட்டான்னு ஒரு நெனப்பு.

"வேண்டாம்ணா. எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

"பைத்தியம். மீட்டர் இல்லாட்டி வண்டி ஓடாதா?"

சிரிச்சுட்டே வண்டியை எடுத்துட்டுப் போனான். ரெண்டு வருஷம் கழிச்சு வந்த சிரிப்பு... கெடுக்க மனசு வரல. அன்னிக்கே சாவியைப் பிடுங்கியிருக்கணும்.

ஞாயித்துக்கிழமை. கடையைத் திறந்து மேஜை முன்னால உக்காந்தேன். மூணு மணிக்கு மேல கிளம்பறதா சொல்லியிருந்தான்.

மூணு பத்து. முள் எழுந்துச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இது யாரோ என்னிக்கோ போன பயணம் இல்ல.

கடை போனை எடுத்து அவன் செல்லுக்கு அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப்.

மூணு இருபத்திரெண்டு. முள் இறங்குச்சு. நின்னுட்டான்... எங்கேயோ நின்னுட்டான்! கடவுளே, இப்பவாவது எடுடா... அடிச்சேன். அடிச்சேன். ரிசீவரைக் கீழ வெக்கவே இல்ல.

மூணு இருபத்தாறு.

அறுபது...

எண்பது...

"அண்ணா..."

டக்.

போலீஸ்காரர்தான் சொன்னார். அவன் வீட்லேருந்து வண்டி மோதி நொறுங்கின வளைவு சரியா பதினாறு கிலோமீட்டர். "எவ்வளவு வேகத்துல வர்றோம்னு தெரியாமலே வந்திருக்கார்மா. மீட்டர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு."

அந்த ஓட்டையைப் போட்டவ நான்.

பத்து நாள் கழிச்சு ஒருத்தர் கடைக்கு வந்தார். வளைவுக்கு முன்னால இருக்கிற பெட்ரோல் பங்க்ல வேலை பார்க்கிறவர். என் கடை நம்பர் அவங்க போன்ல இருந்துச்சாம்.

"அன்னிக்கு உங்க அண்ணன் பெட்ரோல் போட நின்னார். செல்லுல சார்ஜ் இல்லன்னு எங்க போனைக் கேட்டார். தங்கச்சி ரொம்ப பயந்துட்டா, அவ இன்னொரு தடவை 'போகாதே'ன்னு சொன்னா திரும்பிடறேன்னார். நாலு நிமிஷம் அடிச்சு அடிச்சுப் பார்த்தார்மா. உங்க லைன் பிஸியாவே இருந்துச்சு. யாரோ கஸ்டமர்கிட்ட வாயடிக்கறா போலன்னு சிரிச்சார். நேரமாச்சுன்னு கிளம்பிட்டார்."

மீட்டர் இப்பவும் என் மேஜையிலதான் இருக்கு. தினம் மூணு பத்துக்கு அது முன்னால உக்காந்துடுவேன். அந்த நாலு நிமிஷம் மறுபடி வராதான்னு...

முள் அசையறதே இல்ல. நல்லா ரிப்பேர் ஆயிடுச்சு.