கனகலிங்கத்தின் றைற்

காக்கிச் சட்டை போட்டுக் கொண்டக்டரான நாளிலிருந்து கனகலிங்கத்தின் மற்றச் சொற்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வேலை இழந்தன. அத்தனைக்கும் சேர்த்து "றைற்" என்ற ஒரு சொல்லே உழைத்தது. பஸ் புறப்படவும் றைற். "சோறு போடட்டோ" என்று தாய் கேட்டாலும் றைற். பெரியப்பாவின் செத்தவீட்டில் பாடையைத் தூக்கியதும், கை சும்மா இருக்காமல் மூங்கிலில் இரண்டு தட்டுத் தட்டி "றைற்" என்றுவிட்டான். தூக்கியவர்கள் கொஞ்சத் தூரம் போனபிறகுதான் திரும்பி முறைத்தார்கள். பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் காலைப் பஸ் அவனுடையது. முன்னொருநாள் யாரோ விளையாட்டுக்கு "றைற்" என்று கத்த, றைவர் வீரகத்தி பஸ்ஸை எடுத்துவிட்டார். கனகலிங்கம் பொலிஸ்நிலையம் வரைக்கும் பின்னால் ஓடினான். அதற்குப் பிறகு வேறு யாருடைய றைற்றும் வீரகத்தியின் காதுக்குள் ஏறுவதில்லை. கனகலிங்கம் சொல்லவேண்டும், பஸ்ஸின் தகரத்தில் தட்டவேண்டும். இல்லாவிட்டால் பஸ் அசையாது.

வழியில் மருதமரத்தடியில் நேசமலர் ஏறுவாள். முல்லைத்தீவில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறவள். வயல் வரம்பால் நடந்து வரவேண்டும் என்பதால் மாரியில் பிந்திப்போகும். அவள் வரும்வரைக்கும் கனகலிங்கத்துக்கு அந்தச் சொல் வாயில் வராது. வந்து ரிக்கற்றை வாங்குவாள். இவன் "றைற்" என்பான். இருவரும் கதைத்த கதை இவ்வளவுதான். இதற்குப் பெயர் என்ன என்று பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது.

பஸ் பிந்துகிறது என்று யாரோ மேலிடத்துக்குக் கோள்மூட்ட, ஒரு மழைநாளில் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

"இண்டைக்கும் பிந்தினால் உன்னை வவுனியா லைனுக்கு மாத்திப்போடுவன், விளங்குதோ?"

"றைற் ஐயா."

மருதமரத்தடி வந்தது. மரம் நின்றது, நேசமலர் இல்லை. தூரத்தில், வரம்பின்மேல், ஒரு கறுப்புக் குடை மட்டும் தள்ளாடியது.

"ஏன் நிக்குது? றைற் சொல்லு."

கனகலிங்கம் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. சொன்னால் இன்றைக்கு அவளை விட்டுவிட்டுப் போகவேண்டும். சொல்லாவிட்டால் நாளையிலிருந்து காணவே முடியாது. பொறுமை இழந்த இன்ஸ்பெக்டர் தானே தகரத்தில் அடித்து "றைற்" என்றார்.

வீரகத்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கொண்டக்டர் இன்னும் சொல்லேல்லை ஐயா."

முன்சீற்றில் இருந்த சிற்றம்பலம் வாத்தியாரும் குடையைக் கண்டுவிட்டார். மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒரு சந்தேகம். றைற் எண்டால் வலதுகை எண்டல்லோ நான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறன். அது எப்பிடி பஸ் எடுக்கிற சொல்லானது?"

"அது வலதுகை இல்லை வாத்தியார்," என்றார் கருவாட்டுக்கூடையோடு இருந்த ஜமால்தீன். "காணி வழக்கிலை எங்கடை அப்புக்காத்து கோட்டிலை நீதவானுக்குக் கத்திக் கத்திச் சொன்ன சொல் அது. உரிமையாம்."

"ஆதியிலை அந்தச் சொல்லுக்கு நேர் எண்டுதான் கருத்தாம். வளையாமல், நெளியாமல், நேர்," என்றார் வாத்தியார்.

"அப்ப இந்த ரோட்டுக்கு அது சரிவராது," என்றார் வீரகத்தி.

குடைக்குக் கீழே சேலை தெரிந்தது.

இங்கிலிசில் சோதனை பாஸ் பண்ணிய இன்ஸ்பெக்டருக்கு இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "எல்லாரும் பிழை. முழுச்சொல் ஓல் றைற். எல்லாம் ஒழுங்காய் இருக்கு, போகலாம் எண்டது கருத்து. முன்பாதி ஓட்டத்திலை விழுந்துபோச்சு."

"எல்லாம் ஒழுங்கோ ஐயா? என்ரை தலைக்கு மேலை ஒழுகுதே," என்றார் ஜமால்தீன்.

"அது வேறை விசயம். இப்ப செங்கோணம் இருக்கு. அதுக்கும் இதே சொல்தான்." இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று, கையை நேரே நீட்டிச் செங்கோணம் காட்டினார்.

"கையைக் கொஞ்சம் எடுங்கோ ஐயா, ஏறவேணும்," என்றது வெளியே ஒரு குரல்.

நேசமலர் ஏறினாள். குடையிலிருந்து வழிந்த தண்ணீர் இன்ஸ்பெக்டரின் காலிலிருந்த சப்பாத்தை நிறைத்தது. அவர் பேனையை எடுத்தார்.

"பிந்தினதுக்கு ஆரின்ரை பேரை ஐயா எழுதப்போறியள்? கடைசியாய்ப் பாடம் நடத்தினது நீங்களல்லோ?" ஜமால்தீன் பணிவாகத்தான் கேட்டார்.

பேனை திரும்பவும் சட்டைப்பைக்குள் போனது.

கனகலிங்கம் ரிக்கற்றை நீட்டினான். வழக்கமான சொல் வரவில்லை. "நல்லா நனைஞ்சுபோனியள்," என்றான்.

பஸ்ஸுக்குள் எல்லாத் தலைகளும் திரும்பின.

"உங்களுக்கு வேறை கதையும் வருமோ?" என்றாள் நேசமலர்.

அவன் ரிக்கற் மெசினைப் பார்த்தபடி நின்றான். அதற்குமேல் அவனிடம் ஒரு சொல்லும் இல்லை, அந்தப் பழைய சொல்கூட. அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எட்டித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "றைற்," என்றாள்.

வீரகத்தி திரும்பியும் பார்க்காமல் கியரைப் போட்டார்.