பத்தொன்பதாவது மீட்டர்

வீட்டு மணியை அடிப்பதற்கு முன்பே அவர் கண் மீட்டர் பெட்டிக்குப் போய்விடும். கதவைத் திறப்பவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்பதெல்லாம் அப்புறம். எண்ணை முதலில் இடமிருந்து வலமாக வாய்விட்டுப் படிப்பார். பிறகு வலமிருந்து இடமாக. இரண்டும் ஒத்துப்போனால்தான் கையிலிருக்கும் மெஷினில் தட்டுவார். அதோடு விடுவாரா? சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதிலும் எழுதிக்கொள்வார். கேட்டால், "மெஷின் செத்துப்போகும்ங்க, நோட்டு சாகாது" என்பார்.

கரண்டு ஆபீசில் ரீடிங் எடுக்கிற வேலை. தெருவில் அவருக்கு யூனிட்டார் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

ஐம்பது வயதுக்கு ஆள் ஒல்லி. இருபத்தைந்து வருடம் பெட்டி பெட்டியாக அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பின்னால் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. தெரியாதவர்கள் பார்த்தால் திமிர் பிடித்தவர் என்று நினைப்பார்கள். மூன்று நாய்கள் கடித்திருக்கின்றன. எந்த நாய், எந்த வீடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்கு அங்கே எடுத்த ரீடிங்கைச் சொல்வார். "இடது கெண்டைக்கால்ல கடிச்சது நாலாயிரத்து இருநூத்துப் பதினொண்ணு. அது கொஞ்சம் மெதுவாத்தான் கடிச்சுது."

முகங்கள் அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். யூனிட்டார் அரை நிமிடம் விழித்துவிட்டு, "நீங்க... மூணு ஏசி, பழைய மோட்டாரு?" என்று கேட்டார். அவரேதான் அந்த ஆள்.

மீட்டர் படிக்கிறவனுக்கு ஊர் ரகசியம் பாதி தெரிந்துவிடும். எந்த வீட்டில் விருந்தாளி தங்கியிருக்கிறார், எந்த வீட்டில் இருவர் இருந்த இடத்தில் ஒருவர்தான் மிச்சம், எந்த வீட்டுக்குக் கைக்குழந்தை வந்திருக்கிறது, எல்லாம் எண்ணிலேயே தெரியும். நானும் எதிர்வீட்டுக்காரனைப் பற்றி எத்தனையோ விதமாகக் கொக்கி போட்டுப் பார்த்திருக்கிறேன். "மீட்டர் அதெல்லாம் சொல்றதில்லீங்க ஐயா" என்று ஒரே பதில். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அதிலிருந்து அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

நான் யார் என்று கேட்பீர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். செங்கல் சுமந்தவன். இன்றைக்குப் பதினெட்டு வீடுகள் கொண்ட கட்டடத்துக்குச் சொந்தக்காரன். படித்த இன்ஜினீயர் போட்ட படத்தில் மாடிப்படி இடிக்கிறது என்று கண்டுபிடித்ததே நான்தான். அவர் அளந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கட்டடத்தின் நெற்றியில் என் பெயர் இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் இடுப்புயரம். அதன்மேல் ஐந்நூறு வாட்டில் நான்கு ஃபோகஸ் விளக்குகள், சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை. மேம்பாலத்தில் போகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். முதல் மாடியில் இடதுபக்கத்து வீடு யூனிட்டாருடையது. பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கிறார்.

வெளியில் இவ்வளவு கறாரான மனிதர், வீட்டில் குளியலறை விளக்கை அணைக்க மாட்டார். அவர் மனைவி பின்னாலேயே போய் அணைத்துக்கொண்டு வருவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற கெட்டிக்காரப் பெண்மணி. எழுத்தே இல்லாத டாக்டர் சீட்டைப் படிக்கிறவருக்கு, எரிகிற விளக்கு தெரியாமல் போகுமா? சுவர் மெல்லியது இல்லை, நான் கட்டியது. இருந்தும் அவர்கள் சண்டை படிக்கட்டு வரை கேட்கும்.

"ஏங்க, கரண்டு ஆபீஸ்காரர் வீட்டுலயே இப்படின்னா ஊரு என்னத்துக்கு ஆகும்?"

"அது ஒம்பது வாட்டும்மா. எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. நீ ஹீட்டரைப் போட்டுட்டு முக்கா மணி நேரம் போன் பேசினியே, அது ரெண்டாயிரம் வாட்டு. அதைக் கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற."

"ஹீட்டர் கண்ணுக்குத் தெரியல. விளக்கு தெரியுது."

"அதான் பிரச்சினையே."

சென்ற மாதம் இந்தச் சண்டை கட்டடம் முழுக்கப் பரவியது. பூமிக்கு நல்லது, எல்லா வீட்டிலும் ஒரு மணி நேரம் விளக்கை அணைக்க வேண்டும் என்று மருந்துக்கடையம்மா கிளம்பினார். பதினேழு வீட்டுக் கதவையும் தட்டினார். ஒப்புக்கொள்ளாதவர்களை மறுபடி தட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு. எல்லோரும் முற்றத்துக்கு இறங்கி வந்துவிட வேண்டும். முடிந்ததும் எவ்வளவு மிச்சமானது என்று தன் வீட்டுக்காரரே மீட்டர் பார்த்து எல்லோர் முன்னிலையிலும் சொல்வார் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். அதைக் காட்டி, வாராவாரம் செய்ய வைப்பது அவர் திட்டம். எண் சப்பையாக வந்தால் அத்தோடு சரி. இனி அந்த அம்மாள் எதற்காகக் கதவைத் தட்டினாலும் ஆட்கள் சிரிப்பார்கள்.

என்னிடமும் வந்தார். "மாமா, அந்தப் போர்டு விளக்கையும் ஒரு மணி நேரம்..."

"வீட்டு விளக்குன்னுதானேம்மா சொன்ன? அது வீடு இல்ல, என் பேரு" என்றேன். என்னிடம் யாரும் மேற்கொண்டு பேசுவதில்லை.

யூனிட்டார் மட்டும் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். படியில் இறங்கும்போது என் காதில் விழுந்தது. "நான் நம்பரைத்தான் சொல்வேன்மா. நல்லதா வந்தாலும் அதான், மோசமா வந்தாலும் அதான்."

"சொல்லுங்க, யாரு வேண்டாம்னா? நல்லதாத்தான் வரும்."

மனிதர் முந்தைய சனிக்கிழமையே வேலையை ஆரம்பித்துவிட்டார். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் அறை. பதினெட்டு வீட்டுக்குப் பதினெட்டு மீட்டர், மோட்டாருக்கும் மாடிப்படிக்கும் போர்டுக்கும் சேர்த்துப் பொதுவில் ஒன்று. ஆறு மணிக்கு ஒரு தடவை, ஏழுக்கு, எட்டுக்கு என்று மூன்று தடவை எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகப் படித்து எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அணைக்கிற சனிக்கிழமையும் அதே போல ஆறு மணிக்கே நோட்டோடு உள்ளே போய்விட்டார்.

ஏழு அடித்ததும் வீடு வீடாக அணைந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். எல்லோரும் முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். இரண்டாம் மாடித் தையல்காரர் கேரம் போர்டைக் கொண்டுவந்தார். நானும் ஆடினேன். ஜெயித்தேன். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. ஒரே கட்டடத்தில் ஆறு வருடம் இருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டுக்காரர்கள் மூட்டுவலி மாத்திரையைப் பற்றி மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். மருந்துக்கடையம்மா கல்யாணப் பெண் மாதிரி நடுவில் நின்றார்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு யூனிட்டார் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன யூனிட்டாரே, பூமி பொழச்சுதா?" என்றார் தையல்காரர்.

"போன வாரம் இதே நேரத்தோட பார்த்தா, பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்து மூணு யூனிட் குறைஞ்சிருக்கு."

கைதட்டினார்கள். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் யூனிட்டார் நோட்டை மூடவில்லை.

"இன்னும் இருக்குங்க. ஆறுலேருந்து ஏழு வரைக்கும் போன வாரத்தைவிட ரெண்டு யூனிட் கூட ஓடியிருக்கு."

"அது எப்படி?"

"இருட்டிடும்னு எல்லாரும் முன்னாடியே இஸ்திரி போட்டிருக்கீங்க. சுடுதண்ணி வெச்சுக் குளிச்சிருக்கீங்க."

தையல்காரர் கையைத் தூக்கினார். "நான் ஆறு பேண்ட்டுக்கு இஸ்திரி போட்டேன். மறைக்கல." சிரிப்பு கிளம்பியது. பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப மிச்சம் ஒண்ணா? ஒரு யூனிட்டுக்கா ஒரு மணி நேரம் கொசுவுக்கு ரத்தம் குடுத்தோம்?" என்றது. சிரிப்பு பெரிதானது. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

மருந்துக்கடையம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏங்க, ஆறு மணிக்கு உங்கள யாரு எடுக்கச் சொன்னா?"

"பட்டினி கிடக்கிறவன் அதுக்கு முன்னாடி எத்தனை தட்டு சாப்பிட்டான்னு பார்க்கணும்ல?"

"மூணுன்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம்ல?"

யூனிட்டார் நோட்டில் ஒரு பக்கம் தள்ளினார். அண்ணாந்தே இருக்கிற கழுத்தைக் கஷ்டப்பட்டுத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் அவர் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் என் கையெழுத்தில் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

"பத்தொம்போதாவது மீட்டர்" என்றார். எண்ணை முன்னாலிருந்து படித்தார். பின்னாலிருந்து படித்தார். "பொதுவுல இந்த ஒரு மணி நேரத்துல ரெண்டே கால் யூனிட். மாடிப்படிக்குக் கால். மீதி ரெண்டு..."

கையை நீட்டிக் காட்டவில்லை. மோவாயை மட்டும் மேலே தூக்கினார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான்கு விளக்கும் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தன. முற்றத்தில் பகல் மாதிரி வெளிச்சம்.

"அடக் கடவுளே" என்றார் தையல்காரர். "இதுல உக்காந்துக்கிட்டா இருட்டு இருட்டுன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்? நான் பாட்டுக்குக் காயெல்லாம் கரெக்டா அடிக்கிறேன், கண்ணு நல்லா இருக்குன்னு நெனச்சேன்!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். மருந்துக்கடையம்மா மட்டும் அவசரமாக, "மாமா, அவரு எப்பவுமே அப்படித்தான், வாய்ல வர்றத..." என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"தம்பி, உன் அக்ரிமென்ட் என்னிக்கு முடியுது?"

"பதினாலாம் தேதிங்க ஐயா."

"ஞாபகம் வெச்சுக்கிட்டேதான் சொன்னியா?"

"மீட்டருக்குத் தெரியாதுங்களே ஐயா."

என் முகத்துக்கு நேராக எண் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த இன்ஜினீயர்கூடச் சொன்னதில்லை. எனக்குப் படிப்பு வராது, கணக்கு வரும். லாரி லாரியாக மணல் இறக்கியவனுக்குக் கணக்கு தானாக வரும். ஒரு மணிக்கு இரண்டு என்றால் ஆறிலிருந்து ஆறு வரைக்கும் இருபத்துநான்கு. அதுவும் தினம் தினம். இவர்கள் பதினெட்டுக் குடும்பம் கொசுக்கடி பட்டுச் சேர்த்தது ஒன்று. எட்டு மணிக்கு மேல் மேம்பாலத்தில் போகிறவன் வீடு போய்ச் சேருகிற அவசரத்தில் இருப்பான். என் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கவா போகிறான்?

எழுந்தேன். முட்டி கொஞ்சம் முரண்டு பிடித்தது. யாரையும் கைகொடுக்க விடவில்லை. மீட்டர் அறைக்குப் போய், போர்டு லைனின் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். என் கட்டடம், என் கைப்பிடி. வேறொருவன் இழுக்கக் கூடாது.

அப்போதுதான் உண்மையில் இருட்டியது. முற்றத்தில் "ஓ" என்று ஒரு சத்தம். டீ டம்ளர் ஒன்று உருண்டது. "ஐயா, என் ரெட் காய எவனோ அடிச்சுட்டான்!" என்று தையல்காரர் கத்தினார். அத்தனை பேரும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு கொட்டிவிட்டது. அதற்கு மேலே மருந்துக்கடையம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க! இந்த ரெண்டு என் கணக்குலதானே சேரும்?"

"சேரும்" என்று எனக்குப் பின்னாலிருந்து பதில் போனது. எப்போது அறைக்குள் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "தினமும் அணைச்சாத்தான் சேரும்."

"தினமும்தான்" என்றேன் நான். "எட்டு மணிக்கு. எழுதிக்க."

அவர் எழுதவில்லை. பத்தொன்பதாவது மீட்டரில், கரண்டு ஓடுகிற வேகத்துக்கு மின்னுகிற ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. அதுவரை நாடி மாதிரி விடாமல் துடித்துக்கொண்டிருந்தது, இப்போது ஒரு தடவை மின்னிவிட்டு அடங்கிப்போயிருந்தது. அடுத்தது எப்போது வரும் என்று இருட்டில் இரண்டு பேரும் காத்திருந்தோம். யூனிட்டார் தன் சட்டை நுனியை இழுத்து அந்த மீட்டரின் கண்ணாடியை மூலை மூலையாகத் துடைத்தார். பிறகு, நான் பார்ப்பதற்காக, சுவரோரம் ஒதுங்கி நின்றார்.